தானியேல் கண்ட நான்காம் மிருகம் கிரேக்கரா, ரோமரா?

நெல்லை வாசகி எழுதியது:

எங்கள் சபையின் வாலிபர் வேதபாட வகுப்பை மூன்று ஆண்டுகளாக நான் நடத்தி வருகிறேன். இந்த மாதம் தானியேல் ஏழாம், எட்டாம் அதிகாரங்களை எடுத்திருந்தோம். ஏழாம் அதிகாரத்தில் தானியேல் கடலிலிருந்து நான்கு மிருகங்கள் எழும்பக் காண்கிறார், அவை நான்கு அரசுகளைக் குறிக்கின்றன. எட்டாம் அதிகாரத்தில் "ரோமமுள்ள அந்த வெள்ளாட்டுக்கடா" என்று வாசித்ததும், பின்வரிசையில் இருந்த ஒரு பெண், "அக்கா, அது ரோமாபுரியைத்தானே குறிக்கிறது?" என்று கேட்டாள். இங்கே ரோமம் என்றால் மயிர்தான் என்றும், அந்தக் கடா கிரேக்கு தேசத்தின் ராஜா என்று அந்த வசனமே சொல்லிவிடுகிறது என்றும் விளக்கினேன். அவள் சிறிது நேரம் யோசித்துவிட்டு, "அப்படியானால் கடாவின் தலையில் முளைக்கிற சின்னக் கொம்பு கிரேக்கன். போன வாரம் படித்த நான்காம் மிருகத்தின் தலையில் முளைத்த சின்னக் கொம்பு மட்டும் எப்படி ரோமன் ஆகும்?" என்றாள்.

என்னிடம் பதில் இல்லை. சிங்கம் பாபிலோன், கரடி மேதிய-பெர்சியா, சிறுத்தை கிரேக்கம், பெயரில்லாத நான்காம் மிருகம் ரோமாபுரி என்றுதான் சிறுவயதிலிருந்தே எனக்குச் சொல்லித் தந்தார்கள். வீட்டில் உள்ள இரண்டு விளக்கவுரைகளில் ஒன்று அதையே சொல்கிறது. மற்றொன்று நான்காவது கிரேக்கம்தான் என்கிறது. எது சரி? முதலில் கிரேக்கரைக் குறித்தது என்றால், அது எப்போது, யாரால் ரோமர் ஆனது? அப்படி மாற்றியவர்கள் வேதத்தை நேர்மையாக வாசித்தவர்கள்தானா? இந்த மூன்றாவது கேள்விதான் என்னை உறங்க விடவில்லை.

ஏட்டுக்கட்டு எழுதியது:

சகோதரி, உங்கள் மாணவி பிடித்த முனை சரியான முனை. இரண்டு அதிகாரங்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால் அவள் சொன்னது இன்னும் துலக்கமாகத் தெரியும். ஏழாம் அதிகாரத்தின் சின்னக் கொம்பு பெருமையானவைகளைப் பேசுகிறது, பரிசுத்தவான்களோடு யுத்தம் செய்கிறது, காலங்களையும் பிரமாணத்தையும் மாற்ற நினைக்கிறது, ஒரு காலமும் காலங்களும் அரைக்காலமும் அதன் கை ஓங்கியிருக்கிறது. எட்டாம் அதிகாரத்தின் சின்னக் கொம்பு பரிசுத்த ஜனத்தை அழிக்கிறது, அன்றாடபலியை நீக்குகிறது, பரிசுத்த ஸ்தலத்தைத் தள்ளிப்போடுகிறது. ஒரே மனிதனை இரு முறை வரைந்ததுபோல் இருக்கிறது. இரண்டாம் முறை வரையும்போது அவன் கிரேக்க அரசிலிருந்து வருகிறவன் என்று பெயரும் சொல்லப்பட்டுவிடுகிறது.

அந்த மனிதன், அலெக்சாந்தருக்குப் பின் சிரியாவை ஆண்ட செலூக்கியர் என்னும் கிரேக்க வம்சத்து அரசன் நான்காம் அந்தியோக்கு எபிபானெஸ் என்பதில் ஆய்வாளரிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. கி.மு. 167 டிசம்பரில் எருசலேம் தேவாலயத்தின் பலிபீடத்தின்மேல் அவன் ஆட்கள் அந்நிய வழிபாட்டுக்கான பீடத்தை அமைத்தனர். ஓய்வுநாளும் விருத்தசேதனமும் தடை செய்யப்பட்டன. பிள்ளைகளுக்கு விருத்தசேதனம் செய்வித்த தாய்மார் கொல்லப்பட்டதையும், அவர்களுடைய சிசுக்கள் அவர்களின் கழுத்திலேயே தொங்கவிடப்பட்டதையும் மக்கபேயர் முதல் நூல் சொல்கிறது. "காலங்களையும் பிரமாணத்தையும் மாற்ற நினைப்பான்" என்ற வரியை அந்தத் தாய்மார் எப்படிக் கேட்டிருப்பார்கள் என்று எண்ணிப் பாருங்கள். பண்டிகை நாள்களும் நியாயப்பிரமாணமும் ஓர் அரசனின் ஆணையால் ரத்தாகும் என்பது அவர்களுக்கு உவமையாகக் கேட்டிருக்காது. தெருவில் நடந்துகொண்டிருந்த செய்தியாகவே கேட்டிருக்கும்.

நான்கு அரசுகளின் வரிசையையும் தானியேல் நூலே தருகிறது. பாபிலோன் அரசன் பெல்ஷாத்சார் கொல்லப்பட்டதும் ராஜ்யத்தைப் பெறுகிறவன் அறுபத்திரண்டு வயதுள்ள மேதியனாகிய தரியு. அவனுக்குப் பிறகு பெர்சியனாகிய கோரேசு. பத்தாம் அதிகாரத்தின் இறுதியில் பெர்சியாவின் அதிபதிக்குப் பின் கிரேக்கு தேசத்தின் அதிபதி வருவான் என்ற அறிவிப்பு. ஆகவே பாபிலோன், மேதியா, பெர்சியா, கிரேக்கம் என்று நான்கு. வரலாற்றில் கோரேசு மேதியாவை வென்றது கி.மு. 550-இல், பாபிலோன் விழுந்தது 539-இல். பாபிலோனுக்கும் பெர்சியாவுக்கும் நடுவே தனி மேதிய ஆட்சிக்கு இடமே இல்லை. பிறகு மேதியா ஏன் வரிசையில் நிற்கிறது? அசீரியா, மேதியா, பெர்சியா, மக்கெதோனியா என்று உலகப் பேரரசுகளை அடுக்கும் வழக்கம் அக்காலக் கிரேக்க, ரோம எழுத்துகளில் பரவலாக இருந்தது. அந்த வரிசையைக் கையில் எடுத்த யூத ஆசிரியர், தம் மக்களின் ஆலயத்தை இடித்த பாபிலோனை அசீரியாவின் இடத்தில் வைத்தார் என்பதே எனக்குப் பொருத்தமான விளக்கமாகப் படுகிறது.

நான்காம் மிருகத்துக்கு மட்டும் விலங்கின் பெயர் இல்லை. பெரிய பற்களும் மிதித்து நசுக்கும் கால்களும் சொல்லப்படுவதால், கிரேக்க அரசுகள் போர்க்களத்துக்குக் கொண்டுவந்த யானையையே ஆசிரியர் மனத்தில் வைத்திருந்தார் என்று கருதுகிறவர்களும் உண்டு.

முதியவர் எழுதியது:

ஏட்டுக்கட்டு ஐயா எழுதியதைக் கவனமாக வாசித்தேன். நாற்பது ஆண்டுகளாகப் பிரசங்கம் செய்து வந்தவன் என்ற முறையில், மரபான விளக்கம் வெறும் பழக்கத்தால் வந்ததில்லை என்பதை இந்தச் சகோதரிக்குச் சொல்ல வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

ஐந்தாம் அதிகாரத்தில், பெல்ஷாத்சாரின் அரண்மனைச் சுவரில் கை எழுதிய வசனத்தின் விளக்கத்தைப் பாருங்கள். ராஜ்யம் பிரிக்கப்பட்டு "மேதியருக்கும் பெர்சியருக்கும்" கொடுக்கப்பட்டது என்றே அது சொல்கிறது. ஆறாம் அதிகாரம் முழுவதும் மேதியருக்கும் பெர்சியருக்கும் பொதுவான, மாறாத ஒரே பிரமாணம் பேசப்படுகிறது. எட்டாம் அதிகாரத்தில் வெள்ளாட்டுக்கடாவுக்கு முன் வந்து, மேதியா பெர்சியா ராஜாக்களைக் குறிக்கும் ஆட்டுக்கடாவும் ஒரே கடாதான். அதற்கு இரண்டு கொம்புகள் இருக்கின்றன, அவ்வளவே. ஏழாம் அதிகாரத்தின் கரடி ஒரு பக்கமாய் உயர்ந்து நிற்பதும், இந்த ஆட்டுக்கடாவின் ஒரு கொம்பு மற்றதைவிட உயர்ந்திருப்பதும் ஒன்றையொன்று ஒத்திருக்கவில்லையா? சிறுத்தைக்கு நான்கு தலைகள். வெள்ளாட்டுக்கடாவின் பெரிய கொம்பு முறிந்த இடத்தில் நான்கு கொம்புகள். அலெக்சாந்தருக்குப் பின் அவனுடைய தேசம் சிதறியதை இரண்டும் காட்டுகின்றன என்றால், சிறுத்தைதான் கிரேக்கம். அடுத்து வருவது ரோமாபுரி. உங்கள் மாணவியின் வாதம் கொம்பைப் பிடித்து நடக்கிறது. என் வாதம் தலைகளைப் பிடித்து நடக்கிறது. இரண்டுக்கும் நூலில் ஆதாரம் இருக்கிறது.

மேலும், இந்த நூல் அந்தியோக்கின் காலத்தில் எழுதப்பட்டது என்று முதலில் வாதிட்டவர் மூன்றாம் நூற்றாண்டில் கிறிஸ்தவத்தை எதிர்த்து எழுதிய போர்ஃபிரி. அவருக்கு மறுப்பாகவே திருச்சபைத் தந்தை ஜெரோம் தம் தானியேல் விளக்கவுரையின் பெரும்பகுதியை எழுதினார். எதிரியின் வாதத்தை எடுத்துக்கொள்ளும்போது கொஞ்சம் நிதானம் வேண்டும் என்பது என் தாழ்மையான கருத்து.

கடலோரம் எழுதியது:

முதியவர் ஐயா சொன்ன நான்கு தலைகள் வலுவான சான்று என்பதை நான் ஏற்கிறேன். ஆனால் பதினோராம் அதிகாரம் பெர்சியாவில் எழும்பும் ராஜாக்களையும் எண்ணிச் சொல்வதால், சிறுத்தையின் தலைகளை அவர்களோடு பொருத்துகிற விளக்கமும் உண்டு. அதே அதிகாரம் வடதிசை ராஜாவுக்கும் (சிரியாவின் செலூக்கியர்) தென்திசை ராஜாவுக்கும் (எகிப்தின் கிரேக்க அரசர்) நடந்த போர்களையும், திருமண உறவுகளையும், சதிகளையும் அடுக்கடுக்காகச் சொல்லி அந்தியோக்கில் வந்து நிற்கிறது. அவனுடைய மரணத்தைச் சொல்லும்போதுதான் வரலாறும் நூலும் பிரிகின்றன: சமுத்திரத்துக்கும் பரிசுத்த பர்வதத்துக்கும் நடுவே அவன் முடிவடைவான் என்கிறது நூல், அவன் இறந்ததோ கி.மு. 164-இல், பெர்சியப் பக்கத்தில். நூல் அவன் மரணத்துக்குச் சற்று முன் எழுந்தது என்று ஆய்வாளர்கள் இவ்வளவு நெருக்கமாகக் குறிப்பது இதனால்தான். போர்ஃபிரியின் நோக்கம் எதுவாக இருந்தாலும், இந்தச் சான்று நூலுக்குள்ளேயே இருக்கிறது.

சகோதரியின் இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கி.மு. 164-இல் ஆலயம் மீட்கப்பட்டுத் தூய்மையாக்கப்பட்டது. அனுக்கா பண்டிகை அதன் நினைவு. ஆனால் பரிசுத்தவான்களுக்கு என்றென்றைக்கும் தரப்படும் ராஜ்யம் வரவில்லை. கி.மு. 63-இல் ரோமத் தளபதி பொம்பேயு எருசலேமைப் பிடித்தான். கி.மு. 30-இல் எகிப்தின் கடைசிக் கிரேக்க அரசும் போனது. கிரேக்க அரசுகள் எல்லாம் மறைந்துவிட்ட உலகில், தானியேலை வேதமாக ஏற்று வாசித்த ஒருவருக்கு இரண்டே வழிகள்தாம் இருந்தன: தரிசனம் பொய்த்தது என்று நூலை மூடுவது, அல்லது நான்காம் மிருகம் இன்னும் நடமாடிக்கொண்டிருக்கிறது என்று வாசிப்பது.

அந்த மிருகத்துக்கு மக்கள் கண்முன் ஓர் உருவமும் கிடைத்தது: ரோமப் படைகளின் சின்னமான கழுகு. ரோமரின் கீழ் யூதேயாவை ஆண்ட ஏரோது தான் புதுப்பித்த ஆலயத்தின் பெருவாயிலுக்கு மேலே பொன்னால் செய்த கழுகை வைத்திருந்தான். அவன் சாகக் கிடக்கிறான் என்ற பேச்சு பரவியபோது, யூதா, மத்தியா என்ற இரு போதகர்களின் மாணவர்கள் பட்டப்பகலில் கூரையிலிருந்து கயிறு கட்டி இறங்கி அந்தக் கழுகைக் கோடரியால் வெட்டி வீழ்த்தினார்கள். போதகர்களையும், இறங்கிய மாணவர்களையும் ஏரோது உயிரோடு எரித்தான். கி.பி. 70-இல் ஆலயம் எரிந்துகொண்டிருந்தபோது ரோமச் சிப்பாய்கள் தங்கள் கொடிக்கம்பங்களைப் பிராகாரத்துக்குள் நட்டு, கிழக்கு வாசலுக்கு எதிரே அவற்றுக்குப் பலியிட்டார்கள். இரண்டையும் எழுதி வைத்தவர் முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேபுஸ்.

அதே யோசேபுஸ் ரோமாபுரியில் இருந்துகொண்டு, பேரரசர் குடும்பத்தின் ஆதரவில் யூதர்களின் பண்டைய வரலாற்றை எழுதினார். தானியேல் இரண்டாம் அதிகாரத்தில் அதே நான்கு அரசுகளைக் குறிக்கும் சிலையைப் பற்றி எல்லாம் சொல்லிவிட்டு, அதை நொறுக்கும் கல்லுக்கு வந்ததும் நிறுத்திக்கொள்கிறார். நடந்ததை எழுதுவதே தம் வேலை, வரப்போவதை எழுதுவது அல்ல, அறிய விரும்புகிறவர் தானியேலின் நூலையே வாசித்துக்கொள்ளட்டும் என்கிறார். அந்தக் கல் எந்த அரசை நொறுக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ரோமாபுரியில் உட்கார்ந்து அதை எழுத முடியாது.

அவர் எழுதாமல் விட்டதை இன்னொரு யூதர் எழுதினார். நான்காம் எஸ்றா என்று நாம் அழைக்கும் நூல் எருசலேம் அழிந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, கி.பி. 100-ஐ ஒட்டி எழுந்தது. அதில் கடலிலிருந்து ஒரு கழுகு எழும்புகிறது. அதற்குப் பன்னிரண்டு சிறகுகள், மூன்று தலைகள். வெஸ்பாசியன், தீத்து, தொமித்தியன் என்னும் ரோமப் பேரரசர் மூவரே அந்தத் தலைகள் என்று பெரும்பாலோர் கொள்கின்றனர். காட்டிலிருந்து ஒரு சிங்கம் புறப்பட்டு வந்து அதன் குற்றங்களை முகத்துக்கு நேரே சொல்கிறது. அந்தச் சிங்கம் தாவீதின் வம்சத்து மேசியா. விளக்கம் சொல்லும் இடத்தில் எஸ்றாவிடம் கூறப்படுவதன் சாரம் இது: நீ கண்ட கழுகு உன் சகோதரனாகிய தானியேல் தரிசனத்தில் கண்ட நான்காம் ராஜ்யம், ஆனால் இப்போது உனக்கு விளக்குகிறபடி அவனுக்கு விளக்கப்படவில்லை.

சகோதரி, உங்கள் மூன்றாவது கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் எனக்குத் தெரியவில்லை. மாற்றியவர் மாற்றியதை மறைக்கவில்லை. தானியேலுக்குச் சொல்லப்பட்ட பொருள் வேறு, எனக்குச் சொல்லப்படுவது வேறு என்று நூலுக்குள்ளேயே எழுதிவைத்தார். ஆலயம் சாம்பலானதைக் கண்ட ஒரு தலைமுறையின் மனிதர், கடவுளோடு வழக்காடிக்கொண்டே, தம் வேதத்தைக் கைவிடாமல் பிடித்துக்கொண்ட விதம் அது. அந்த நூலின் முதல் பாதியில் எஸ்றா கேட்கும் கேள்விகளை ஒரு முறை வாசித்தால், அவருடைய நேர்மையில் யாருக்கும் ஐயம் வராது.

நெல்லை வாசகி எழுதியது:

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. கழுகைப் பற்றிய பகுதியை வாசித்தபின் சிறிது நேரம் வேறு எதையும் செய்ய முடியவில்லை. நான்காம் எஸ்றா எங்கள் வேதாகமத்தில் இல்லாத நூல் என்பதால், வகுப்பில் அடுத்து வரப்போகும் கேள்வி எனக்கு இப்போதே தெரிகிறது. வெளிப்படுத்தின விசேஷத்தை எழுதிய யோவானும் இதையேதான் செய்கிறாரா? அவர் தானியேலின் பெயரைச் சொல்வதாக எனக்கு நினைவில்லை.

ஏட்டுக்கட்டு எழுதியது:

பெயரைச் சொல்லவில்லை, ஆனால் பதின்மூன்றாம் அதிகாரத்தில் தானியேலின் நான்கு மிருகங்களையும் ஒரே உடலில் சேர்த்துவிடுகிறார். சமுத்திரத்திலிருந்து எழும்பும் அந்த மிருகம் சிறுத்தையைப் போன்றது, அதன் கால்கள் கரடியின் கால்கள், வாய் சிங்கத்தின் வாய், தலையில் பத்துக் கொம்புகள். தானியேல் முன்னிருந்து பின்னாகச் சொன்ன வரிசையை யோவான் பின்னிருந்து முன்னாகச் சொல்கிறார். தலைகள் ஏழு. அந்த எண் எங்கிருந்து வந்தது என்று வகுப்பில் கேட்டுப் பாருங்கள். சிங்கத்துக்கு ஒன்று, கரடிக்கு ஒன்று, சிறுத்தைக்கு நான்கு, நான்காம் மிருகத்துக்கு ஒன்று. கூட்டினால் ஏழு. பதினேழாம் அதிகாரத்தில் அந்த ஏழு தலைகள் ஏழு மலைகள் என்று அவர் விளக்கும்போது, ரோமாபுரியைப் பார்த்திராத ஆசியா மாகாணத்து விசுவாசிக்கும் அது எந்த நகரம் என்று புரிந்திருக்கும்.

கடலோரம் அவர்கள் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். மறுவாசிப்பு தானியேலுக்குப் பிறகு தொடங்கியதல்ல, தானியேலுக்குள்ளேயே இருக்கிறது. ஒன்பதாம் அதிகாரத்தில் தானியேல் எரேமியாவின் எழுபது வருஷங்களைப் புத்தகங்களில் வாசித்து ஆராய்கிறார். எரேமியா சொன்னது எழுபது வருஷம்தான். காபிரியேல் வந்து அதை எழுபது வாரம் என்று விரிக்கிறான். வாரத்தின் ஒவ்வொரு நாளும் ஒரு வருஷமாகிறது. எரேமியாவின் சொல் இன்னும் முடியவில்லை, அது எங்கள் நாள்வரை நீள்கிறது என்பதே அதன் பொருள். எரேமியாவுக்குத் தானியேல் செய்ததையே தானியேலுக்கு எஸ்றாவின் பெயரில் எழுதியவரும் யோவானும் செய்தார்கள். எந்த நூலும் வேதமாக நிலைத்த பிறகு முடிந்துபோன செய்தியாக அவர்களுக்குத் தோன்றவில்லை.

ஒரு வேறுபாடு மட்டும் என்னை எப்போதும் நிறுத்திவைக்கும். தானியேலிடம் புத்தகத்தை முடிவுகாலம்வரை முத்திரைபோடு என்று சொல்லப்படுகிறது. யோவானிடமோ முத்திரைபோட வேண்டாம், காலம் சமீபமாயிருக்கிறது என்று சொல்லப்படுகிறது. தானியேல் பாபிலோனில் இருந்த பழங்காலத்து ஞானியின் பெயரில் வந்த நூல். அது ஏன் இத்தனை நாள் யாருக்கும் தெரியாமல் இருந்தது என்பதற்கு முத்திரை பதிலாகிறது. யோவான் தம் சொந்தப் பெயரில், எபேசு தொடங்கி லவோதிக்கேயா வரை ஏழு சபைகளுக்கு, அவர்கள் ஊரின் பெயரைச் சொல்லி எழுதுகிறார். மூன்றாம் முத்திரை உடைக்கப்படும்போது கேட்கும் குரலையும் பாருங்கள்: ஒரு பணத்துக்கு ஒரு படி கோதுமை, ஒரு பணத்துக்கு மூன்று படி வாற்கோதுமை, எண்ணெயையும் திராட்சரசத்தையும் சேதப்படுத்தாதே. ஒரு பணம் என்பது ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி. ஒரு படி கோதுமை ஒரு ஆளின் ஒரு நாள் உணவு. கூலி முழுவதும் ஒரு வயிற்றுக்கே போய்விட்டால் வீட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு என்ன மிஞ்சும்? கடைத்தெருவில் விலை கேட்டுத் திரும்பியவரின் குரல் இது. யோவானுக்கு நான்காம் மிருகம் இங்கேயும் இருந்தது.

முதியவர் எழுதியது:

என் முந்தைய பதிலில் ஒன்றைத் திருத்திக்கொள்கிறேன். நான்காம் அரசு கிரேக்கம் என்ற வாசிப்பு விசுவாசத்துக்கு எதிரானவர்களிடமிருந்து மட்டும் வந்ததுபோல் எழுதிவிட்டேன். சிரியத் திருச்சபையின் பெருமைக்குரிய எப்ரேமின் பெயரில் உள்ள தானியேல் விளக்கமும் நான்காவது கிரேக்கம், சின்னக் கொம்பு அந்தியோக்கு என்றே கொள்கிறது. ஆகவே வகுப்பில் அதைச் சொல்ல நீங்கள் தயங்க வேண்டியதில்லை, மகளே. தலைகளைப் பற்றிய என் வாதத்தை நான் இன்னும் விடவில்லை. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ரோமாபுரி என்ற வாசிப்பை உறுதியாகப் பிடித்தவர்களில் ஒருவரான ஹிப்போலிட்டஸ், மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுதிய தானியேல் விளக்கவுரையில் ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறார். அதை வாலிபர்களுக்கு அவசியம் வாசித்துக் காட்டுங்கள். கருங்கடலோரப் பொந்து நாட்டில் ஒரு சபைத் தலைவர், பக்தியும் தாழ்மையும் உள்ளவர், வேதத்தை ஊன்றிப் படிக்காமல் தம் கனவுகளை நம்பினார். ஒரு வருஷத்துக்குள் நியாயத்தீர்ப்பு வரும் என்று சொன்னார். சபையார் அழுதுகொண்டு இரவும் பகலும் ஜெபித்தார்கள். நிலங்களை உழாமல் விட்டார்கள். பலர் உடைமைகளை விற்றுவிட்டார்கள். வருஷம் கடந்தது. கன்னியர் மணம் செய்துகொண்டார்கள், ஆண்கள் மறுபடியும் வயலுக்குப் போனார்கள், உடைமைகளை விற்றவர்கள் பிச்சை எடுத்தார்கள். வேதத்தைக் கவனமாகப் படிக்காமல் கனவுகளை நம்புகிறவர்களுக்கு இப்படித்தான் நேரும் என்கிறார் ஹிப்போலிட்டஸ்.  ஹிப்போலிட்டஸும் முடிவின் காலத்தைக் கணக்கிட்டவர்தான். ஆனால் முடிவு தம் நாளிலிருந்து இன்னும் ஏறக்குறைய முந்நூறு ஆண்டு தள்ளி இருக்கிறது என்று காட்டவே கணக்கிட்டார், விசுவாசிகள் விதைக்கிற காலத்தில் விதைக்கட்டும் என்று.